தேசியப் பூங்காவுக்குள் பழைய மலைக் கிராமங்களைக் காப்பது: ஸ்மோக்கி மலை பற்றிச் சில சந்தேகங்கள்

செங்கல்சூளை (கேள்வி)

வணக்கம். கட்டடப் பாதுகாப்புப் பாடத்துக்கு அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவை எடுத்திருக்கிறேன். மேலோட்டமான கதை தெரியும். 1934-ல் பூங்கா அமைந்தது. 1,200-க்கும் மேற்பட்ட நில உடைமையாளர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் விட்டுப்போன வீடு, களஞ்சியம், மாவு ஆலை, பள்ளி, தேவாலயம் என்று 90-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன.

எனக்குப் புரியாதது இதுதான். எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது என்று எப்படி முடிவாகிறது? பூங்காவுக்குள் இருக்கும் எல்க்மான்ட்டில் பெரும்பாலான குடில்களை இடித்துவிட்டு மீதியைப் புதுப்பித்திருக்கிறார்களே, அது என்ன கணக்கு? அடுத்தது, அடிக்கட்டை (சுவரின் கீழ்வரிசைக் கட்டை) உளுத்துப்போன முழுமர வீட்டை (முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது) எந்த வரிசையில் பழுது பார்ப்பார்கள்? எப்பாக்ஸி (இறுகிக் கல்லாகும் செயற்கைப் பிசின்) ஊற்றினால் முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். கடைசியாக, ஆளே இல்லாத இடத்தை 'சமூகத்தைக் காத்தோம்' என்று சொல்வது நியாயமா?

கோப்புக்கட்டு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1966-ம் வருடத் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-வது பிரிவிலிருந்து தொடங்குங்கள். மத்திய அரசின் எந்த அமைப்பும் ஒரு வேலையைத் தொடங்குமுன், அந்த வேலை வரலாற்றுச் சொத்தைப் பாதிக்குமா என்று பார்த்தாக வேண்டும். நான்கு கட்டம்: வேலை என்ன என்று வரையறுப்பது, பாதிக்கப்படும் சொத்துகளைக் கண்டறிவது, பாதிப்பை மதிப்பிடுவது, பாதிப்பைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி தேடுவது. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரியோடும், தொடர்புள்ள பழங்குடி அரசுகளோடும் கலந்துபேச வேண்டும். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பிரிவு இடிப்பைத் தடை செய்யாது. பேசாமல் இடிக்கக் கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

எல்க்மான்ட் இதற்கு நல்ல பாடம். அது முதலில் மரம் வெட்டும் கம்பெனி ஊர், பிறகு கோடைக் குடியிருப்பு. பூங்கா வந்தபோது குடில்காரர்களுக்குக் குத்தகை கொடுத்தார்கள். 1982-ல் வந்த பூங்காவின் பொதுத் திட்டம், குத்தகை முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றிவிட்டுக் காட்டுக்கு விடுவது என்றது. பெரும்பாலான குத்தகைகள் 1992-ல் முடிந்தன. 1994-ல் அந்தப் பகுதி தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. பதிவேட்டில் ஏறியதை 1982 திட்டப்படி சும்மா இடிக்க முடியாது. பேச்சு இழுத்து இழுத்து 2009-ல்தான் முடிவு வந்தது: அப்பலாச்சியன் கிளப் பக்கமுள்ள 18 குடில்களும் கிளப் மண்டபமும் நிற்கும், மற்றவை போகும்.

நீங்கள் அறிக்கையில் அழுத்தமாக எழுத வேண்டியது அந்த 1992-க்கும் 2009-க்கும் நடுவில் நடந்ததை. கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. அங்கிருந்த வண்டர்லேண்ட் ஹோட்டல் 2005-ல் தானாகவே சரிந்தது. காகிதத்தில் வாதம் நடந்துகொண்டிருக்கும்போது கூரை காத்திருக்காது. முடிவு தள்ளிப்போகும் என்று தெரிந்தால் முதல் வருடமே அந்த இடைக்காலத்துக்கான வேலையைச் செய்துவிட வேண்டும். கூரையைத் தார்ப்பாயால் அல்ல, தகரமோ பலகையோ போட்டு மூடுவது. சன்னலை அடைத்தாலும் காற்றுப் போக்கி வைப்பது. புகைபோக்கி வாயில் வலையோடு மூடி போடுவது. மாதம் ஒருமுறை, பெருமழைக்குப் பிறகு ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது. காற்று வழியில்லாமல் அடைத்த வீடு, கதவு திறந்துகிடக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இந்த மலையில் பள்ளத்தாக்கிலேயே வருடம் 55 அங்குல மழை, உச்சியில் 85 அங்குலத்துக்கு மேல்.

இன்னொன்று, 'எந்தக் காலத்தைக் காட்டுவது' என்ற முடிவு. கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் ஆரம்ப வருடங்களில் முழுமர வீடுகளை வைத்துக்கொண்டு, பலகை அடித்த பிந்தைய வீடுகளைப் பெரும்பாலும் அகற்றிவிட்டார்கள். 'முன்னோடிகள் காலம்' என்ற படத்துக்கு அவை ஒத்துவரவில்லை. 1930-களில் அங்கே வாழ்ந்தவர்களில் பலர் பலகை வீடும் வர்ணமும் வைத்திருந்தவர்கள். இன்று போகிறவர், பூங்கா வரும்வரை எல்லோரும் 1820-களின் ஜான் ஆலிவர் குடிலில் இருந்ததாக நினைத்துக்கொள்கிறார். பூங்காவின் இன்னொரு பள்ளத்தாக்கான கட்டலூச்சியில் நிலைமை கொஞ்சம் மேல். கால்டுவெல் வீடு பலகை வீடு, அது நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் உங்கள் அறிக்கைக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

உளியும்மட்டமும்

தம்பி, எப்பாக்ஸியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வரிசை எப்போதும் இதுதான்: கூரை, பிறகு தரைச்சரிவு, பிறகு அடிக்கட்டை, பிறகு சுவர், கடைசியில் இடுக்குப் பூச்சு (கட்டைகளுக்கு இடையிலான சந்தை அடைக்கும் பூச்சு). இதை மாற்றிச் செய்தால் இரண்டு மழைக்காலத்தில் அதே கட்டையை மறுபடி மாற்றுவீர்கள்.

சோதனைக்குக் கூரான ஊசிக்கம்பி போதும். கட்டையில் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிலும்பாகப் பெயரும், அழுகிய மரம் குறுக்கே மொடுக்கென்று உடையும். ஈரமானியை வெளித்தோலில் வைத்து ஏமாறக் கூடாது. நீள ஊசி போட்டு உள்ளே பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. தொடர்ந்து 28, 30 என்று நின்றால் உள்ளே பூஞ்சை வேலை செய்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள்: அடிக்கட்டையின் அடிப்பக்கம், மூலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை நுனிகள், சன்னலுக்குக் கீழே, புகைபோக்கிக் கல் கட்டையைத் தொடும் இடம், மேல்நோக்கி வாய் திறந்த வெடிப்புகள். மேல்நோக்கிய வெடிப்பு ஒரு வாய்க்கால். கீழ்நோக்கிய வெடிப்பை விட்டுவிடலாம். வண்டுத் துளைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். துளைக்கடியில் புது மாவு கொட்டியிருந்தால்தான் பூச்சி உயிரோடு இருக்கிறது.

கூரை: இந்த ஊர்க் கூரைகள் வெள்ளை ஓக் பலகை ஓடு. 24 அங்குல உருளையை ஆரமாகக் கால்வாசி, அரைக்கால்வாசி என்று பிளந்து, வெளிப்பக்க வெளிறு மரத்தைக் கழித்துவிட்டு, பிளவுக் கத்தியை மரச்சுத்தியால் அடித்துப் பலகையாக எடுப்பார்கள். கனம் அரை முதல் முக்கால் அங்குலம். பிளந்தால் நார் அறுபடாது, தண்ணீர் நாரோடு ஓடிவிடும். ரம்பத்தில் அறுத்தால் நார் குறுக்கே அறுபட்டுத் தண்ணீர் உறிஞ்சும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆயுள் ஒன்றாக இருக்காது. மூன்று அடுக்கு கிடைக்க 24 அங்குல ஓட்டில் ஏழரை முதல் 8 அங்குலம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், ஓக்கின் துவர்ப்புச்சத்து சாதா இரும்பைத் தின்றுவிடும். கீழே சட்டங்களுக்கு இடையில் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். முழுப்பலகை அடித்துத் தார்க்காகிதம் விரித்தால் ஓடு அடிப்பக்கம் காயாது.

தரை: அடிக்கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் குறைந்தது 8 அங்குலம். நூறு வருடத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து தரை உயர்ந்திருக்கும், அதை வெட்டி எடுக்க வேண்டும் (வெட்டுமுன் தொல்லியல் ஆளைக் கூப்பிட வேண்டும், அதுவும் 106-க்குள் வரும்). சுவரிலிருந்து 10 அடிக்குள் 6 அங்குலம் சரிவு. இந்தக் குடில்களில் கூரையோரம் மழைநீர் வடிகால் வைத்த வழக்கமில்லை, அதனால் இறவாரத்துக்கு நேர்கீழே சரளை போடுவது நல்லது. தெறிப்பு குறையும்.

அடிக்கட்டை மாற்றுவது: மேலே இரண்டு மூன்று வரிசைக்கு இடுக்குப் பூச்சை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது பிளந்து கட்டையையும் சிராய்க்கும். தரை உத்திரங்கள் அடிக்கட்டையில் செருகியிருக்கும், அவற்றுக்குத் தனி முட்டு. புகைபோக்கி கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் விடுவியுங்கள். வீடு உயரும், கல் உயராது. சுவருக்கு உள்ளும் வெளியும் செங்குத்தாகக் கனச் சட்டங்களை வைத்து ஊடுருவிப் போல்ட் போட்டு இறுக்கினால் கட்டைகள் நழுவாது. போல்ட்டைக் கட்டையில் துளைக்காமல் இடுக்கு வழியாக விடுங்கள். ஜாக்கியை மண்ணில் வைக்கவே கூடாது, குறுக்கு நெடுக்காக அடுக்கிய கட்டை மேடையில் வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம், பிறகு அடுத்த ஜாக்கி. தூக்கத் தூக்க அடியில் ஆப்பு ஏற்றிக்கொண்டே வர வேண்டும். பழைய கட்டை உருவ இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். 'வந்ததுதான் வந்தோம், சாய்ந்த வீட்டை மட்டத்துக்குக் கொண்டுவரலாம்' என்று ஆசைப்பட்டால் மேலே கதவுச் சட்டமும் மூலை மூட்டும் பிடுங்கும். அந்தச் சாய்வு நூறு வருடத்தில் செட்டானது.

எந்த மரம்? பழைய கட்டை பலவும் அமெரிக்கச் செஸ்ட்நட். 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் அந்த இனத்தின் பெருமரங்களையே ஒழித்துவிட்டது. ஓக்கனலுப்டி மலைப்பண்ணை அருங்காட்சியகத்தில் உள்ள டேவிஸ் வீடு நோய்க்கு முந்தைய செஸ்ட்நட்டில் கட்டியது, அந்த அளவுக் கட்டை இனி கிடைக்காது. பழைய களஞ்சியத்தைப் பிரித்து விற்கும் செஸ்ட்நட்டை வாங்கலாம் என்பார்கள். ஒரு பழைய கட்டடத்தைக் கொன்று இன்னொன்றைக் காப்பது எனக்கு ஒப்பாது. அடிக்கட்டைக்கு வெள்ளை ஓக்கின் வைர மரம். துலிப் பாப்லரை மேல்வரிசைக்கு வையுங்கள், தரைக்குப் பக்கத்தில் அது தாங்காது. புதுக்கட்டை காய்ந்து சுருங்கும், அதனால் முதல் சில வருடம் ஆப்பை மறுபடி தட்ட இடம் விடுங்கள். மறைவான பக்கத்தில் வருடத்தைச் செதுக்கிவிடுங்கள். பின்னால் வருகிறவனுக்கு எது பழசு, எது நாம் வைத்தது என்று தெரிய வேண்டும்.

செங்கல்சூளை

மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் எப்பாக்ஸி எங்கேயும் கூடாதா? பழைய படங்களில் இடுக்கில் சிமென்ட் பூசியிருக்கிறதே, அதை எடுக்க வேண்டுமா?

உளியும்மட்டமும்

எப்பாக்ஸிக்கு இடம் உண்டு, சின்ன இடம். மூலையில் செதுக்கிய புறாவால் மூட்டு உள்ளே கொஞ்சம் பொத்தலாகி, வெளிவடிவம் நன்றாக இருந்தால் அங்கே நிரப்பலாம், மூட்டைப் பிரிக்காமல் தப்பிக்கலாம். அடிக்கட்டையில் கூடாது. மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், எப்பாக்ஸி அசையாது. இரண்டும் சேரும் விளிம்பில் மயிரிழை திறக்கும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. வெளியே கல் மாதிரி நிற்கும் கட்டை பின்னால் தூளாகியிருக்கும்.

கட்டையின் முகம் மட்டும் போயிருந்தால் நல்ல மரம் வரும்வரை செதுக்கி, அடிவிளிம்பை வெளிப்பக்கம் சரிவாக வெட்டி, அதே இன மரத்தில் 2 முதல் 4 அங்குல முகத்துண்டு பொருத்தலாம். போரேட் (போரான் உப்பு) கரைசல் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நல்ல மருந்துதான், ஆனால் அது தண்ணீரில் கரைவது. மழை படும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். கூரையும் சரிவும் சரியான பிறகு அடித்தால்தான் காசுக்குப் பலன்.

சிமென்ட்: முழுசாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை உளி வைத்துப் பெயர்த்தால் கட்டை போகும், விட்டுவிடுங்கள். மேல் விளிம்பில் வெடித்து நீர் தேங்குவதை எடுத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு மூன்று பங்கு மணல் பூசுங்கள். முதலில் களிமண் இருந்த வீடென்றால் களிமண்ணே. பூச்சின் கீழ்விளிம்பு வெளிப்பக்கம் சரிய வேண்டும், கட்டையின் முகத்தைவிட உள்ளே அடங்க வேண்டும். கட்டைக்கு மேலே திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றால் நீங்களே தொட்டி கட்டிக்கொடுத்த மாதிரி.

மேய்ச்சல்

எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வயலை விட்டால் பத்திருபது வருடத்தில் துலிப் பாப்லரும் பைனும் மூடி, கிராமம் காட்டுக்குள் புதைந்த பெட்டிகளாகிவிடும். வீட்டுக்கும் வேலிக்கும் ஓடைக்கும் பாதைக்கும் இருந்த உறவு போய்விட்டால் பிறகு ஒற்றைக் குடிலை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

கேட்ஸ் கோவில் பூங்கா வந்த பிறகும் பல வருடம் மாடு மேய்க்கவும் வைக்கோல் அறுக்கவும் அனுமதி கொடுத்துத்தான் திறந்தவெளியைக் காத்தார்கள். விலை: ஓடைக்கரை மிதிபட்டது, வெளியிலிருந்து வந்த ஃபெஸ்கியூ புல் அடர்ந்து மண்டியது, தரையில் கூடு கட்டும் பறவைக்கு அதில் இடமில்லை. இப்போது மேய்ச்சல் இல்லை. சில வயல்களில் ஃபெஸ்கியூவை ஒழித்து உள்ளூர்ப் புல்லை விதைத்து, புல்வெட்டும் கட்டுப்படுத்திய தீயுமாக நடத்துகிறார்கள். வரலாற்று ஆட்களுக்கும் இயற்கை ஆட்களுக்கும் இங்கேதான் உரசல். உள்ளூர்ப் புல் ஆளுயரம் வளரும், 1900-ல் அங்கே நின்றவன் பார்த்தது சோளமும் மேய்ந்த புல்லும். கட்டலூச்சியில் 2001-ல் எல்க் மான்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு வயலைத் திறந்துவைக்க இன்னொரு காரணம் கிடைத்தது. பார்க்க வருகிற கூட்டமும் கூடியது.

மரத்தையும் கணக்கில் எடுங்கள். 2002-ல் இந்தப் பூங்காவில் கண்ட அசுவினிப் பூச்சி ஹெம்லாக் மரங்களை நின்றபடியே கொல்கிறது. குடிலிலிருந்து ஒரு மரத்தின் உயரத்துக்குள் பட்டுப்போன ஹெம்லாக் நின்றால், உளுத்த அடிக்கட்டையைவிட அதுதான் அவசரம். நிழல் குறைந்தால் ஓட்டில் பாசியும் குறையும்.

வெள்ளம்: 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது கட்டலூச்சியில் மெஸ்ஸர் களஞ்சியமே போய்விட்டது. ஓடைக்கரைக் கட்டடத்துக்கு முழு அளவு வரைபடம் முன்கூட்டியே எடுத்து வைப்பதைத் தவிர வேறு காப்பீடு கிடையாது.

வடகரை

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கோப்புக்கட்டு சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் அது கட்டடத்தின் கோப்பு.

ஆட்களை விட்டுவைத்த உதாரணங்கள் இதே பூங்காவில் உண்டு. லிட்டில் கிரீன்பிரையரில் வாக்கர் சகோதரிகள் 1941-ல் 4,750 டாலருக்கு நிலத்தைக் கொடுத்தார்கள், உயிரோடு இருக்கும்வரை அங்கேயே வாழும் உரிமையோடு. அங்கே வாழ்ந்த கடைசிச் சகோதரி 1964-ல் இறந்தார். ஆனால் ஆயுள் குத்தகை சமூகத்தைக் காக்காது, அது முடிவைத் தள்ளிப்போடும் ஏற்பாடு. வாரிசுக்குப் போகாது, புதுக் குடும்பம் வராது, மரம் வெட்டவும் வேட்டையாடவும் முடியாது. பிழைப்பு இல்லாத இடத்தில் கிழவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

வேறு வழி ஆர்கன்சாவில், ஓசார்க் மலையின் பஃபலோ தேசிய ஆற்றில் இருக்கிறது. பாக்ஸ்லி பள்ளத்தாக்கில் முதலில் நிலத்தை வாங்கினார்கள். வீடுகள் காலியாகி வயல் புதர் மண்டியதும், சில சொத்துகளைக் கட்டுப்பாட்டு உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மக்களுக்கே திரும்ப விற்றது பூங்கா நிர்வாகம். வைக்கோல் அறுக்கலாம், மாடு வளர்க்கலாம். வீட்டின் வெளித்தோற்றத்தையும் நிலத்தின் பயன்பாட்டையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அங்கே கூரையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, ஏனென்றால் அதற்குக் கீழே ஆள் தூங்குகிறார்.

கல்லறைகளை மறக்காதீர்கள். பூங்காவின் தெற்கு எல்லையில் ஃபான்டானா அணை வந்தபோது, அதன் ஏரியின் வடகரை மக்களின் பாதை மூழ்கியது. புதுச் சாலை போட்டுத் தருவதாக 1943-ல் ஒப்பந்தம். சில மைல் போட்டு, ஒரு சுரங்கம் வெட்டி, அமிலம் கசியும் பாறையால் நின்றது. 2010-ல் சாலைக்குப் பதில் அந்தப் பகுதியின் உள்ளாட்சியான ஸ்வெய்ன் கவுண்டிக்கு 52 மில்லியன் டாலர் என்று தீர்வானது. அந்தப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் இருக்கின்றன. கோடையில் குடும்பங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாளுக்கு, பூங்காவே படகில் ஏற்றிக்கொண்டு போகிறது. நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது: ஒவ்வொரு இடுகாட்டுக்கும் பாதையை நாளுக்கு முன்பே சீர்செய்து வைப்பது, வயதானவரை ஏற்ற வண்டி ஏற்பாடு, மண்மேட்டை இயந்திரத்தால் மட்டப்படுத்தாமல் கையால் செய்ய விடுவது. எழுத்தில்லாத வெறும் ஆற்றுக்கல்லும் தலைக்கல்தான், அதை நகர்த்திப் புல்வெட்டி ஓட்டியவர்கள் உண்டு.

அதற்கும் முன்னால் செரோக்கி மக்கள். கேட்ஸ் கோவ் 1819 ஒப்பந்தத்தில்தான் அவர்கள் கையை விட்டுப் போனது. குடிலில் தொடங்கும் வரலாறு பாதி வரலாறு. 2019-ல் கிழக்குச் செரோக்கி அரசோடு பூங்கா செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவர்கள் சோச்சான் கீரையைப் பூங்காவுக்குள் பறிக்கலாம். சமூகத்தைக் காப்பதென்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

கோப்புக்கட்டு

வடகரை சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பாக்ஸ்லி வழி எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. அங்கே மக்கள் இன்னும் இருந்தார்கள். கட்டலூச்சியில் மூன்று தலைமுறையாக யாரும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடத்துக்குப் பயன்பாடு தேடுவது நடக்கக்கூடியது. அதே 1966 சட்டத்தின் 111-வது பிரிவு, வரலாற்றுக் கட்டடத்தை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தைப் பாதுகாப்புக்கே செலவிட அனுமதிக்கிறது. எல்க்மான்ட் கிளப் மண்டபத்தையும் ஸ்பென்ஸ் குடிலையும் பகல் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கதவு வாரம் ஒருமுறை திறக்கிற வீட்டில் ஒழுகல் அந்த வாரமே தெரிந்துவிடும்.

கட்டடத்தை வேறிடத்துக்குப் பெயர்ப்பதைப் பரிந்துரைக்குமுன் யோசியுங்கள். ஓக்கனலுப்டி அருங்காட்சியகம் அப்படிச் சேர்த்ததுதான், பார்க்க வசதி. ஆனால் இடம் மாறிய கட்டடம் பதிவேட்டுத் தகுதியை இழக்க வாய்ப்பு அதிகம்.

அறிக்கைக்கு மூன்று ஆவணம் தேடுங்கள்: எல்க்மான்ட் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, கேட்ஸ் கோவ் நிலத்தோற்ற அறிக்கை, 1930-களில் தொடங்கிய வரலாற்றுக் கட்டட அளவாய்வு வரைபடங்கள். மூன்றாவதை முதலில் பாருங்கள். இடிக்கப்பட்ட பலகை வீடு ஏதாவது அதில் இருக்கிறதா, அல்லது அன்றே முழுமரக் குடிலைத்தான் வரைந்தார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.